தசை வைத்திருக்கும் இரண்டு நாள் கணக்கு

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மூன்று மாதம் மாலைதோறும் நடந்திருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை நன்றாகவே இறங்கியிருக்கிறது. பிறகு மகளின் திருமணம் வந்தது. ஊர், உறவு, பந்தி என்று பத்து நாள் ஓடிப்போனது, நடை நின்றுவிட்டது. மறுபடி சோதித்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. "மூன்று மாத உழைப்பு பத்து நாளில் போய்விடுமா? அப்படியென்றால் எதற்காக நடக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தார்.

"தினமும் நடங்கள்" என்று சொல்லாத மருத்துவர் இல்லை. ஆனால் அந்தத் 'தினமும்' எங்கிருந்து வருகிறது என்று யாரும் விளக்குவதில்லை. அதனால் அது ஏதோ ஒழுக்கப் பாடம் போலவே காதில் விழுகிறது. ஒருநாள் தவறினால் குற்ற உணர்ச்சி, பத்து நாள் தவறினால் கைகழுவல். உண்மையில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது ஒரு புரதத்தின் நடமாட்டம். அதைப் புரிந்துகொண்டால் வாசகியின் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

பள்ளியில் படித்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். பெரியவர் ஒருவரின் ரத்தம் முழுவதிலும் ஓடும் குளுக்கோஸ் ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. மூன்று இட்லி சாப்பிட்டால் அதைப்போலப் பல மடங்கு குளுக்கோஸ் இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்துக்கு வந்து சேரும். அதை எங்காவது ஒதுக்கியாக வேண்டும். கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. கல்லீரலும் தசையும் குளுக்கோஸை வாங்கிக் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன. கல்லீரலில் சுமார் 100 கிராம் சேரும். உடல் முழுவதும் பரவிக் கிடக்கும் தசைகளில் 400 கிராம் வரை சேரும். இன்சுலின் சொல்லி ரத்தத்தை விட்டு வெளியேறும் குளுக்கோஸில் பெரும்பங்கு தசைக்குத்தான் போகிறது. சர்க்கரை நோய் என்றவுடன் கணையத்தையே நினைக்கும் நாம், தொடையையும் கெண்டைக்காலையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

இனி அந்தப் புரதத்துக்கு வருவோம். செல்லின் சவ்வு கொழுப்பாலானது. நீரில் கரையும் குளுக்கோஸ் அதைத் தானாகக் கடக்க முடியாது. கடத்திவிடுவதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் இந்த வேலையைச் செய்வதன் பெயர் குளூட்-4. 509 அமினோ அமிலங்களால் ஆன இந்தச் சங்கிலி சவ்வைப் பன்னிரண்டு முறை ஊடுருவி மடிந்து, நடுவில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு நுழைய வழி ஏற்படுத்துகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றக் கடத்திகள் பலவும் எப்போதும் சவ்விலேயே இருப்பவை. குளூட்-4 அப்படியில்லை. கதவுகளைச் சுவரில் பொருத்தாமல் உள்ளறையில் அடுக்கி வைத்திருக்கும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி வரும்போது கதவைத் தூக்கிவந்து சுவரில் பதிக்கிறார்கள். போனபின் கழற்றி உள்ளே வைக்கிறார்கள். தசைச் செல் செய்வது இதையேதான். ஓய்வில் இருக்கும்போது குளூட்-4 பெரும்பாலும் செல்லின் உள்ளே நுண்ணிய பைகளில் கிடக்கிறது. கட்டளை வந்ததும் அந்தப் பைகள் மேலேறிச் சவ்வோடு கலந்துவிடுகின்றன. இப்படி ஒரு இடமாற்றம் நடக்கிறது என்பதை 1980-இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கொழுப்புச் செல்களில் கண்டுபிடித்தன. குளூட்-4 என்ற புரதமே அடையாளம் காணப்பட்டது அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான்.

இன்சுலின் தரும் கட்டளை ஒரு நீண்ட சங்கிலி வழியாகப் போகிறது. செல்லின் வெளிப்புறத்தில் இருக்கும் ஏற்பியை இன்சுலின் தொடுகிறது. உள்ளே ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, கடைசியில் பைகளைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு தடைப் புரதத்தின் பிடி தளர்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் பழுதாவது இந்தச் சங்கிலி. அந்த நோயாளிகளின் தசையில் குளூட்-4 இருப்பு இயல்பான அளவிலேயே இருக்கிறது. கதவுகள் உள்ளேதான் இருக்கின்றன. எடுத்துவரச் சொல்லும் குரல் கேட்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. இன்சுலினுக்குச் சற்றும் தொடர்பில்லாத இன்னொரு கட்டளையும் இருக்கிறது. தசை சுருங்கினாலே போதும், குளூட்-4 மேலே வந்துவிடும். இதை யார் சொல்லித் தசை அறிகிறது? தசையே தன்னைத்தானே அளந்து அறிகிறது.

தசையின் எரிபொருள் ஏடிபி என்பது தெரிந்ததே: மூன்று பாஸ்பேட் கொண்ட மூலக்கூறு, ஒன்றை இழந்தால் இரண்டு பாஸ்பேட் கொண்டதாகிவிடும். ஆங்கிலத்தில் ATP, ADP என்று வேறுபடும் இரண்டும் தமிழில் ஒரே 'ஏடிபி' ஆகிக் குழப்பும் என்பதால், முதலாவதை முப்பாஸ்பேட் என்றும் அடுத்ததை இருபாஸ்பேட் என்றும் சொல்கிறேன். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முப்பாஸ்பேட் உடைந்து இருபாஸ்பேட் ஆகிறது. ஆனால் தசை முப்பாஸ்பேட்டை எளிதில் குறையவிடாது. அது கொஞ்சம் அதிகமாகக் குறைந்தாலே செல்லுக்கு ஆபத்து. அங்கே ஒரு நொதி இருக்கிறது. அது இரண்டு இருபாஸ்பேட்டுகளைச் சேர்த்து, ஒன்றை முப்பாஸ்பேட்டாகத் திரும்பக் கட்டிவிடுகிறது. மற்றொன்றில் எஞ்சுவது ஒரே பாஸ்பேட் கொண்ட ஒற்றைப்பாஸ்பேட். ஓய்விலிருக்கும் தசையில் இந்த ஒற்றைப்பாஸ்பேட் கிட்டத்தட்டச் சுவடே இல்லாத அளவில்தான் இருக்கும். எனவே முப்பாஸ்பேட் மிகச் சிறிதளவு குறையும்போதே ஒற்றைப்பாஸ்பேட் பல மடங்கு உயர்ந்துவிடுகிறது. பெரிய கையிருப்பில் நேரும் சிறு குறைவை அளப்பது கடினம். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏதோ தோன்றுவதைக் கவனிப்பது எளிது. செல் இரண்டாவதைத்தான் அளக்கிறது! ஏஎம்பிகே என்ற நொதி இந்த ஒற்றைப்பாஸ்பேட்டைப் பிடித்தவுடன் விழித்துக்கொள்கிறது; குளூட்-4 பைகளைப் பிடித்து வைத்திருக்கும் தடைப் புரதங்களின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது; பிடி தளர்கிறது. இதே தடைப் புரதக் குடும்பத்தில்தான் இன்சுலினின் சங்கிலியும் போய் முடிகிறது. தொடக்கம் வேறு, முடிவு ஒன்று.

ஏஎம்பிகே மட்டுமே காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். தசையைச் சுருங்கச் சொல்லும் கால்சியமும், தசைநார் இழுபடும் விசையும் இதில் பங்கெடுக்கின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. முக்கியமான செய்தி வேறு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் இன்சுலின் வழி பழுதாகியிருந்தாலும், சுருக்கத்தின் வழி பழுதாவதில்லை. அவர்கள் மிதிவண்டிக் கருவியில் மிதித்தபோது குளூட்-4 மற்றவர்களைப் போலவே மேலேறியதை 1999-இல் தசைத் துணுக்குகளை எடுத்துச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

மூலக்கூறுகள் தெரியவருவதற்கு வெகுகாலம் முன்பே இதன் விளைவைக் கவனித்தவர் லண்டன் மருத்துவர் ஆர். டி. லாரன்ஸ். அவரே சர்க்கரை நோயாளி; 1923-இல் இன்சுலின் கிடைத்ததால் உயிர் பிழைத்தவர். உடற்பயிற்சி இன்சுலின் ஊசியின் விளைவைக் கூட்டுகிறது என்று 1926-லேயே எழுதிவிட்டார்.

இப்போது 'தினமும்' என்ற சொல்லுக்கு வரலாம். நடந்து முடித்து உட்கார்ந்த பின் சில மணி நேரத்தில் குளூட்-4 பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. வேலை செய்த தசை அதன் பிறகு வெகுநேரம் இன்சுலினுக்குக் கூர்மையாகச் செவிசாய்க்கிறது. கோபன்ஹேகனில் எரிக் ரிக்டரும் சகாக்களும் 1989-இல் வெளியிட்ட சோதனையை நான் படித்ததிலேயே அழகான சோதனைகளில் ஒன்றாகச் சொல்வேன். தன்னார்வலர்கள் ஒரு காலை மட்டும் நீட்டி மடக்கிப் பயிற்சி செய்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. நான்கு மணி நேரம் கழித்து இன்சுலின் செலுத்தி, இரண்டு கால்களும் எவ்வளவு குளுக்கோஸ் எடுக்கின்றன என்று தனித்தனியே அளந்தார்கள். ஒரே உடல், ஒரே ரத்தம், ஒரே இன்சுலின். பயிற்சி செய்த கால் அதிகம் எடுத்தது. அதாவது இந்த நன்மை ரத்தத்தில் சுற்றிவரும் ஏதோ ஒரு பொதுப் பொருளால் வருவதில்லை. உழைத்த தசைக்குள்ளேயே தங்கியிருக்கிறது. அந்தத் தடைப் புரதத்தின் மேல் ஒட்டிய அடையாளங்கள் மணிக்கணக்கில் நீடிப்பது இதற்கு ஒரு காரணம். செலவழிந்த கிளைக்கோஜனை நிரப்பிக்கொள்ளும் தேவை இன்னொன்று.

இந்தக் கூர்மை எவ்வளவு காலம் நிற்கும்? ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கும்போது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று சேர்த்துச் சொல்வதன் அடிப்படை இதுதான்.

வாசகியின் பத்து நாளுக்கும் நேரடியான ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரில், நன்றாகப் பயிற்சி பெற்ற எட்டுப் பேரை 1980-களின் தொடக்கத்தில் பத்து நாள் பயிற்சியை நிறுத்தச் சொன்னார்கள். குளுக்கோஸ் கரைசல் குடித்தபோது அவர்கள் உடல் சுரந்த இன்சுலின் முன்பைவிட இரு மடங்கானது. அதே வேலைக்கு இவ்வளவு கூடுதல் இன்சுலின் வேண்டியிருந்தது. பிறகு ஒரே ஒரு முறை உடற்பயிற்சி செய்யச் சொல்லி மீண்டும் அளந்தார்கள். அளவுகள் ஏறத்தாழ பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன.

ஆகவே அம்மா, உங்கள் மூன்று மாத நடையின் ஒரு பகுதி உண்மையாகவே பத்து நாளில் மறைந்துவிட்டது. பந்திச் சாப்பாட்டுக்கும் கெட்டுப்போன தூக்கத்துக்கும் அதில் பங்குண்டு என்றாலும், நடை நின்றதே போதுமான காரணம். ஆனால் மறைந்த அந்தப் பகுதி அடுத்த ஓரிரு நடைகளிலேயே திரும்பத் தொடங்கும். மெதுவாகச் சேர்ந்த பகுதி வேறு. தொடர்ந்து உழைக்கும் தசை குளூட்-4 இருப்பையே கூட்டிக்கொள்கிறது; செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் பெருக்கிக்கொள்கிறது. மைட்டோகாண்ட்ரியா பெருகுவதை எலிகளை ஓடவிட்டு ஜான் ஹொலோசி 1967-இல் காட்டினார். இவையும் நிறுத்தினால் குறையும்தான். இதயமும் மூட்டும் பெற்ற வலு பத்து நாளில் அப்படியே கரைந்துவிடாது.

இந்தக் கணக்கு தெரிந்தால் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ளத் தோன்றும். ஞாயிறன்று எட்டுக் கிலோமீட்டர் நடந்துவிட்டு மற்ற நாள்களில் நாற்காலியில் இருப்பதைவிட, அதையே நான்காகப் பிரித்து ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு கிலோமீட்டர் நடப்பது சர்க்கரைக்கு நல்லது. வியர்வை கொட்டினால்தான் பலன் என்பதும் சரியல்ல. தசை சுருங்கினால் போதும். நேரத்தையும் கவனிக்கலாம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வகை நோயாளிகளை ஒரு கட்டத்தில் நாளுக்கு ஒருமுறை 30 நிமிடமும், மறு கட்டத்தில் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் 10 நிமிடமும் நடக்கச் செய்தார்கள். உணவுக்குப் பிந்தைய சர்க்கரை இரண்டாவது முறையில் சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் 22 சதவீதம். குளுக்கோஸ் வந்து இறங்கும் நேரத்திலேயே கதவுகளும் சுவரில் இருக்கின்றன, அவ்வளவுதான். 'சாப்பிட்டவுடன்' என்ற நேரக்குறிப்பு தானாகக் கிடைப்பதால் பழக்கமாக ஊன்றுவதும் எளிது.

பழக்கம் என்றதும் 21 நாள் என்பார்கள். நம் ஊரில் ஒரு மண்டலம், 48 நாள் என்பார்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் 96 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆனது, இடைநிலை 66. எண்களில் மந்திரம் இல்லை. அதே ஆய்வில் இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் தெரிந்தது. விரதம் முறிந்துவிட்டது, இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற எண்ணம் வழிபாட்டில் பொருந்தலாம்; தசைக்கு அப்படியொரு சம்பிரதாயம் தெரியாது.

அந்த 48 நாளைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மண்டலத்தில் சர்க்கரை அடியோடு குணம், மாத்திரையை நிறுத்துங்கள்" என்று பொடி விற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. இவ்வளவு பேரின் அச்சத்தில் வியாபாரம் நடக்கிறது. அதே சமயம், வாசலில் நிற்பவர்களுக்கு என்ன உதவும் என்பதைச் சென்னையிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. மூன்று ஆண்டில், வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவுக் கட்டுப்பாடும் நடையுமாக இருந்தவர்களில் அது 39.3 சதவீதம், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்தவர்களில் 40.5 சதவீதம். நடையும் உணவும் மாத்திரைக்கு ஈடாக நின்றன.

இப்படிப்பட்ட ஆய்வுகள் நம்மிடம் இன்னும் ஏராளமாக நடக்க வேண்டும். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு எது ஒத்துவரும், வீட்டைவிட்டு மாலையில் வெளியே போக முடியாத பெண்களுக்கு எது ஒத்துவரும் என்று கேட்டு ஆராய வேண்டும். நடையை யாரும் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது என்பதால் எந்த மருந்து நிறுவனமும் இதற்குப் பணம் தராது. அரசுதான் தர வேண்டும். ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் நாட்டின் மொத்த உற்பத்தியில் (2020-21 கணக்குப்படி) 0.64 சதவீதத்தை மட்டும் செலவழித்துக்கொண்டு அதை எதிர்பார்க்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

நடக்கத் தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இன்சுலின் ஊசியோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு, மேலே சொன்ன இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் திறந்து சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடலாம். நடந்து பல மணி நேரம் கழித்து, இரவுத் தூக்கத்தில்கூட இது நேரும். அவர்கள் மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்க வேண்டும்; நடக்கும்போது சட்டைப் பையிலோ கைப்பையிலோ கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்க வேண்டாம். வீடு திரும்பியதும் பாதத்தின் அடிப்பக்கத்தையும் விரலிடுக்கையும் பார்த்துவிடுங்கள்.