தேக்குத்தானே என்று உரஞ்சாதீர்கள்

போன மாதம் ஒரு அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, தேத்தண்ணிக் கோப்பை வச்ச வட்டம் போகுதில்லை எண்டு மெசின் போட்டு உரஞ்சினனான். இப்ப நடுவில வேற மரம் தெரியுது."

போய்ப் பார்த்தேன். 1960களின் டெனிஷ் சைட்போர்ட், சுவரோரம் வைக்கிற நீளமான தாழ்ந்த அலுமாரி. மேற்பலகையின் நடுவே உள்ளங்கையளவு வெளிறிய திட்டு. சுற்றிவரத் தேக்கின் பழுப்பு, உள்ளே வரியே இல்லாத மொட்டைப் பலகை.

டென்மார்க்கில் பழைய தளபாடம் திருத்துகிற எனக்கு இது புதிதல்ல. தேக்கு என்றதும் எங்கள் ஆட்களுக்கு ஊர்க் கதவும் நிலையும்தான் நினைவில் நிற்கும். எவ்வளவு இழைத்தாலும் உள்ளே தேக்கு. இங்கே அப்படியில்லை. கால்களும் விளிம்புச் சட்டங்களும் முழு மரமாக இருக்கும். மேற்பலகை, பக்கங்கள், கதவுகள் பெரும்பாலும் வெனீர். வேறு பலகையின்மேல் ஒட்டிய தேக்குத் தோல், ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதிலும் முந்திய சொந்தக்காரர் ஒருமுறை உரஞ்சியிருப்பார்.

வெனீர் என்றால் மலிவு என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. டெனிஷ் தளபாட வடிவமைப்பாளர் ஆர்ன வொடர் சிபாஸ்ட் நிறுவனத்துக்கு வரைந்த சைட்போர்டுகளும் வெனீர்தான். அகலப் பலகை முழு மரமென்றால் குளிர்கால ஹீற்றரில் சுருங்கி வெடிக்கும்.

வெனீரா என்று அறிய, மேற்பலகையின் வரியைப் பக்கவாட்டு விளிம்புவரை பின்தொடருங்கள். அங்கே வரி அறுந்து தனிச் சட்டமொன்று தொடங்கினால் மெசினைத் திரும்பப் பெட்டியில் வையுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வரியின் போக்கில் துடைத்து, ஒருநாள் காயவிடுங்கள். பாதி அழுக்கு அதிலேயே போகும். எண்ணெய் பூசிய மரமென்றால் மெல்லிதாகப் புது எண்ணெய் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தை ஒட்டத் துடைக்க வேண்டும். விட்டால் பிசுபிசுக்கும். லாச்சிக்குள் (இழுப்பறைக்குள்) பூசவே வேண்டாம், மாதக்கணக்கில் மணக்கும். கறுப்பு வட்டம் மரத்துக்குள் இறங்கியது; அதைக் கையால் தேய்த்து எடுக்க நினைக்காதீர்கள்.

எண்ணெய் துடைத்த அந்தத் துணிக்கு வருகிறேன். கடையில் விற்கும் 'டீக் ஒயில்' தேக்கிலிருந்து பிழிந்ததல்ல. பெரும்பாலும் ஆளி விதை எண்ணெய் போன்றவை சேர்ந்த கலவை. அது காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும். துணியைக் கசக்கிக் குப்பை வாளிக்குள் போட்டால் அந்தச் சூட்டுக்கு வெளியேற வழியில்லை. நெருப்புக்குச்சி இல்லாமலே சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளும். என் பட்டறையிலேயே ஒருமுறை வாளியிலிருந்து புகை வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அன்றிலிருந்து துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, மூடியுள்ள தகரத்தில்தான் போடுகிறேன். வீட்டில் செய்பவர்கள் வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிட்டாலும் போதும்.

அக்காவின் திட்டுக்குப் புது வெனீர் ஒட்டினால் ஒட்டுத் தெரியும், செலவும் அதிகம். சாயம் கலந்து தொட்டுத் தொட்டு நிறம் ஏற்றி, கோடு கோடாக வரி கீறிவிட்டேன். வாசலில் நின்று பார்த்தால் தெரியாது, கிட்டப் போனால் தெரியும். இப்போது அதன்மேல் குத்துவிளக்கு நிற்கிறது. அடியில் தட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.