ஃபோர்மேன் தொழிலாளரா, மேற்பார்வையாளரா?

சில வாரங்களுக்கு முன் கோவைப் பக்கத்து வார்ப்பட ஆலை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர் எங்கள் சங்க அலுவலகத்துக்கு வந்தார். கையில் பணிநீக்க உத்தரவு. “நீ ஃபோர்மேன், தொழிலாளி இல்லை; எந்தத் தொழிலாளர் அதிகாரியும் உன் மனுவை வாங்க மாட்டார் என்று சொல்லிவிட்டார்கள் தோழர்” என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்த பையன் ஒருவனின் விடுப்பு விண்ணப்பம் அது. அடியில் இரண்டு கட்டங்கள். இடது கட்டத்தில் ‘பரிந்துரை’ என்று அச்சிட்டிருந்தது. அதில் இவருடைய கையெழுத்து, ஓரத்தில் எண்ணெய்க் கறை. வலது கட்டத்தில் ‘அனுமதி’. அதில் உற்பத்தி மேலாளரின் கையெழுத்து. இவர் பரிந்துரைத்தது மூன்று நாள். மேலாளர் மூன்றை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதியிருந்தார்.

அவருடைய வழக்கில் பாதி அந்த ஒற்றைக் காகிதத்தில் இருக்கிறது. ஏன் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

ஃபோர்மேன், சார்ஜ்மேன், லைன் சூப்பர்வைசர், ஷிப்ட் இன்சார்ஜ், மேஸ்திரி என்று ஆலைக்கு ஆலை பெயர் மாறும். ஆனால் சட்டத்தில் கேள்வி ஒன்றுதான்: இவர் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருகிறாரா? வந்தால், வேலையை விட்டு நீக்கியதை எதிர்த்துச் சமரச அலுவலரிடம் போகலாம், தீர்ப்பாயத்தில் மீண்டும் வேலை கேட்கலாம். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத முன்னறிவிப்பும், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் என்ற கணக்கில் இழப்பீடும் கிடைக்கும். வராவிட்டால் இந்தக் கதவுகள் மூடிவிடும். சாதாரண உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்டு அலைய வேண்டியதுதான். பதவி உயர்வு என்று இனிப்பு கொடுத்துக் கொண்டாடிய நாளில் இதை யாரும் அந்த ஃபோர்மேனிடம் சொல்வதில்லை. அதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. வரையறையின் எலும்புக்கூடு பெரிதாக மாறவில்லை. உடலுழைப்பு, திறன் சார்ந்த வேலை, தொழில்நுட்ப வேலை, இயக்க வேலை, எழுத்தர் வேலை, மேற்பார்வை வேலை ஆகியவற்றைக் கூலிக்குச் செய்கிறவர் தொழிலாளர். முதன்மையாக மேலாண்மை அல்லது நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் தொழிலாளர் அல்லர். அவர் எவ்வளவு குறைவாகச் சம்பளம் வாங்கினாலும் அப்படித்தான். மேற்பார்வைப் பொறுப்பில் இருந்து, மாத ஊதியமும் 18,000 ரூபாயைத் தாண்டினால் அவரும் வெளியே. இந்தத் தொகையை மத்திய அரசு அறிவிக்கை மூலம் மாற்றலாம்.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சம்பள வரம்பு மேற்பார்வையாளருக்கு மட்டுமே பொருந்தும். 45,000 ரூபாய் வாங்கும் வெல்டர் தொழிலாளர்தான். அவர் சம்பளத்தைச் சட்டம் பார்ப்பதே இல்லை. ஆகவே, “இவர் 18,000-க்கு மேல் வாங்குகிறார், எனவே தொழிலாளர் அல்லர்” என்று நிர்வாகம் எழுதினால், அது கேள்வியைப் பின்னாலிருந்து தொடங்குவது. முதலில் அவர் செய்வது மேற்பார்வை வேலைதானா என்று முடிவாக வேண்டும். அது முடிந்த பிறகே பணம் பேசும்.

அந்தப் பணத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். மேற்பார்வையாளர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 1956-ஆம் ஆண்டுத் திருத்தம். அப்போது வரம்பு 500 ரூபாய். 1982 திருத்தம் அதை 1,600 ஆக்கியது. அது நடைமுறைக்கு வந்தது 1984 ஆகஸ்டில்தான். 2010-இல் 10,000. இப்போது 18,000. நடுவில் இருபத்தாறு ஆண்டுகள் 1,600 ரூபாயிலேயே நின்றதை நினைத்துப் பாருங்கள். விலைவாசி ஏறியது, சம்பளம் ஏறியது, வரம்பு மட்டும் அசையவில்லை. அந்தக் காலத்தில் மேற்பார்வையாளர் என்ற முத்திரை விழுந்தாலே போதும், பாதுகாப்பு போய்விடும் என்ற நிலை இருந்தது.

18,000 என்பது கைக்கு வரும் மொத்தச் சம்பளம் அல்ல என்பதையும் கவனியுங்கள். புதிய தொகுப்பில் ஊதியம் என்பது அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி போன்றவை. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, மிகைநேர ஊதியம் போன்ற சில இனங்கள் கணக்கில் சேராது. ஆனால் அப்படி விலக்கப்படும் இனங்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பங்கு ஊதியத்தோடு சேர்க்கப்படும். ஓர் ஃபோர்மேன் மொத்தம் 30,000 வாங்குகிறார் என்று வையுங்கள். அடிப்படையும் பஞ்சப்படியும் 16,000. விலக்கப்பட்ட படிகள் 14,000. படிகள் பாதிக்குள் இருப்பதால் அவர் ஊதியம் 16,000 மட்டுமே. அவர் மேற்பார்வையாளர் என்றே வைத்துக்கொண்டாலும் தொழிலாளர்தான். அடிப்படையும் பஞ்சப்படியும் 10,000 என்று குறைத்துக் காட்டி, 20,000-ஐப் படிகளாகக் கொடுத்தால், பாதிக்கு மேற்பட்ட 5,000 சேர்ந்து ஊதியம் 15,000 ஆகும். விலக்குப் பட்டியலில் பெயர் இல்லாத ‘தனிப்படி’ எதுவானாலும் அது ஊதியமாகவே எண்ணப்படும். சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். மொத்தத் தொகையைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

இனி முக்கியமான கேள்வி: எது மேற்பார்வை? பழைய சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்திருப்பது ஒன்றுதான்: பதவியின் பெயரைப் பார்க்காதே, வேலையைப் பார். ஆனந்த பஜார் பத்திரிகா வழக்கில் 1969-இல், ஒருவருடைய முதன்மையான வேலை மேற்பார்வையா, எழுத்தர் வேலையா என்பதே அளவுகோல் என்றது. எழுத்தர் வேலையே பெரும்பகுதியாக இருக்க, நடுவில் கொஞ்சம் மேற்பார்வையும் செய்தால் அவர் மேற்பார்வையாளர் ஆகிவிடமாட்டார். சிபா கைகி நிறுவனம் சம்பந்தப்பட்ட 1985 தீர்ப்பு இதையே இன்னும் தெளிவாக்கியது: பலவகை வேலைகளைச் செய்கிறவரிடம் அடிப்படையான கடமை எது என்று தேட வேண்டும், இடையிடையே கொடுக்கப்படும் கூடுதல் வேலைகள் அவருடைய தகுதிநிலையை மாற்றாது.

நேஷனல் இன்ஜினியரிங் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு 1988-இல் வந்தது. அதில் விவகாரம் ஓர் உள் தணிக்கையாளரைப் பற்றியது. நிறுவனம் ஏற்றே தீர வேண்டிய முடிவை அதன் சார்பில் எடுக்க வல்லவரே மேலாளர் அல்லது மேற்பார்வையாளர். நடந்ததைப் பார்த்து மேலிடத்துக்கு அறிக்கை கொடுப்பவர் அல்லர் என்று நீதிமன்றம் சொன்னது. அவர் தொழிலாளர் என்றே முடிவாயிற்று. லாயிட்ஸ் வங்கி வழக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது: பிறர் எழுதிய கணக்கைச் சரிபார்ப்பதால் மட்டுமே ஒருவர் மேற்பார்வையாளர் ஆவதில்லை.

இப்போது அந்த விடுப்புச் சீட்டுக்குத் திரும்புவோம். பரிந்துரைத்தவர் ஒருவர், முடிவு செய்தவர் வேறொருவர். அதுவும், பரிந்துரையை அடித்துத் திருத்தி முடிவு செய்திருக்கிறார். நம்முடைய ஃபோர்மேன் காலை ஏழு மணிக்கு வந்து, முந்தைய நாளே மேலாளர் எழுதிக் கொடுத்த பட்டியல்படி ஆட்களை எந்திரங்களுக்கு அனுப்புகிறார். யார் எந்த எந்திரம் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. பிறகு தானும் அச்சு மண்ணில் கை வைக்கிறார். உருகிய உலோகம் ஊற்றும்போது அகப்பையின் ஒரு பிடி அவர் கையில். மாலையில் எத்தனை உருப்படி தேறியது, எத்தனை கழிந்தது என்று நோட்டில் எழுதுகிறார். ஒருவரை வேலைக்கு எடுக்க, நீக்க, இடைநீக்கம் செய்ய, சம்பளம் உயர்த்த அவரால் முடியாது. எட்டு மணி நேரத்தில் ஆறு மணி நேரம் மண்ணோடும் நெருப்போடும் நிற்கிறவர் எப்படி மேற்பார்வையாளர் ஆவார்?

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு ஃபோர்மேன் தன் பிரிவில் யாரை எங்கே போடுவது என்று தானே முடிவு செய்கிறார், விடுப்பைத் தானே அனுமதிக்கிறார், விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுக்கிறார், அவர் எழுதிய மதிப்பீட்டின்படியே சம்பள உயர்வு வருகிறது, தன் கையால் எந்திரத்தைத் தொடுவது எப்போதாவதுதான் என்றால், அவர் மேற்பார்வையாளர் என்று தீர்ப்பு வரவே வாய்ப்பு அதிகம். அப்போது 18,000 கணக்குதான் மிஞ்சும். எந்திரத்தைக் கண்காணிப்பதும் ஆட்களைக் கட்டுப்படுத்துவதும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். கொதிகலனின் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் செய்வது தொழில்நுட்ப வேலை.

சங்கத்தில் சேரும் உரிமை தனி. இதை இரண்டு முறை வாசித்துத்தான் நானே புரிந்துகொண்டேன். தொழிற்சங்கங்களைப் பற்றிய அத்தியாயத்துக்கு மட்டும், தொழிலில் வேலை பார்க்கும் எல்லோரும் தொழிலாளர் என்று தொகுப்பு விரிவாகப் பொருள் சொல்கிறது. ஆகவே 18,000-க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் சங்கத்தில் உறுப்பினராகலாம். பேச்சுவார்த்தை நடத்தும் சங்கம் எது என்பதும் இதே அத்தியாயத்தில் வருகிறது. பல சங்கங்கள் இருக்கும் ஆலையில், வருகைப் பதிவேட்டிலுள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கமே ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி ஒன்று இல்லாவிட்டால், குறைந்தது 20 விழுக்காடு ஆதரவுள்ள சங்கங்களின் பிரதிநிதிகள் சேர்ந்த குழு. வார்த்தைகளை அப்படியே எடுத்துக்கொண்டால், இந்த எண்ணிக்கையில் ஃபோர்மேன்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் கருத்து. நூறு பேர் உள்ள ஆலையில் பத்து ஃபோர்மேன்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதில் 51 மாறிவிடும். வரும் ஆண்டுகளில் சண்டை நடக்கப்போவது இங்கேதான்.

அமெரிக்காவில் இதே கேள்வி வேறு வழியில் போனது. டெட்ராய்ட் பேக்கர்ட் கார் ஆலையின் ஃபோர்மேன்களுக்குச் சங்கம் வைத்துப் பேரம் பேசும் உரிமை உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1947 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஜூன் மாதமே நாடாளுமன்றம் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தால் மேற்பார்வையாளர்களை அந்தப் பாதுகாப்பிலிருந்து நீக்கிவிட்டது. வேலைக்கு எடுப்பது, நீக்குவது, தண்டிப்பது, வேலை ஒதுக்குவது என்று பன்னிரண்டு அதிகாரங்களை எழுதி, தன் சொந்த அறிவைக் கொண்டு முடிவெடுக்கும் வகையில் அவற்றில் ஒன்று இருந்தாலும் அவர் மேற்பார்வையாளர் என்றது. அங்கே சம்பள வரம்பு என்ற பேச்சே இல்லை. அதிகாரம் மட்டுமே அளவு. அந்த அளவிலும் கீழ்மட்டக் குழுத்தலைவர்கள் தப்பியதுண்டு. கதவு, ஜன்னல் தயாரிக்கும் கிராஃப்ட் மெட்டல்ஸ் ஆலையின் குழுத்தலைவர்கள் செய்வது வழக்கமான, சொந்த முடிவுக்கு இடமில்லாத வேலை, அவர்கள் மேற்பார்வையாளர்கள் அல்லர் என்று தொழிலாளர் உறவு வாரியம் 2006-இல் சொன்னது.

நம்முடைய நடைமுறைக்கு வருவோம். நான் தொழிலாளர் என்று சொல்கிறவரே அதை முதலில் நிறுவ வேண்டும். வாய்ச் சாட்சி மட்டும் போதாது. வேலையில் இருக்கும்போதே காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்: நியமனக் கடிதம், பதவி உயர்வு உத்தரவு, சம்பளச் சீட்டுகள், தினசரி உற்பத்திப் பதிவில் உங்கள் பெயர் உள்ள பக்கங்கள், உங்கள் பரிந்துரையை மேலாளர் மாற்றிய சீட்டுகள், உங்களுக்கு வேலை ஒதுக்கிய அறிவிப்புகள். ‘கடமைகளும் பொறுப்புகளும்’ என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், அதில் உங்களுக்கு இல்லாத அதிகாரங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், “இந்த அதிகாரங்கள் நடைமுறையில் எனக்கு இல்லை” என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

தொழிலாளர் அல்லர் என்றே முடிவானாலும் எல்லாம் போய்விடாது. நிலுவைச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை ஆகியவை ‘ஊழியர்’ என்ற பரந்த சொல்லின் கீழ் வருபவை. பணிக்கொடையை மறுக்க, “நீ சூப்பர்வைசர்” என்பது காரணமாகாது.

பணிநீக்கம் ஆனவருக்குக் காலக்கெடு உண்டு. முதலில் சமரச அலுவலரிடம் மனு. 45 நாட்களில் முடிவு வராவிட்டால் நேரடியாகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் நீக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போய்விட வேண்டும். பழைய சட்டத்தில் இது மூன்று ஆண்டுகள். இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன என்று நம்பிக் காத்திருப்பவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்; அவர்களில் யாரேனும் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் இன்றே சொல்லுங்கள்.

அந்த ஃபோர்மேனின் மனுவில் முதல் இணைப்பாக விடுப்புச் சீட்டின் நகலை வைத்திருக்கிறோம். மூலத்தை அவர் மறுபடியும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.