‘தேடு’ என்றால் எதைத் தேடுவது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “என் ஏஐ ஏஜென்ட்டுக்குப் பன்னிரண்டு டூல்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தனித்தனியாகச் சோதித்தால் எல்லாமே ஒழுங்காக ஓடுகின்றன. ஆனால் ஆர்டர் நிலவரம் கேட்டால், ஏஜென்ட் வாடிக்கையாளர் பட்டியலில் போய்த் துழாவுகிறது. மாடலை மாற்றிவிடலாமா?”

அவசரப்பட வேண்டாம். (ஏஜென்ட் என்பது மொழி மாடலை வைத்து வேலைகளைச் செய்து முடிக்கும் நிரல். அது தேவைக்கேற்பப் பயன்படுத்தும்படி நாம் எழுதிக் கொடுக்கும் சிறு நிரல்தான் டூல்.) முதலில் டூல்களுக்கு எழுதிய விளக்கங்களை எடுத்துப் படியுங்கள்.

மொழி மாடல் அடுத்தடுத்த சொல்லை ஊகித்து எழுதுகிறது என்பது தெரிந்த கதைதான். மாடலால் தானாக எதையும் இயக்க முடியாது. எந்த டூலை, என்ன உள்ளீட்டோடு ஓட்ட வேண்டும் என்று ஜேசன் (நிரல்கள் படிக்க வசதியான எழுத்து அமைப்பு) வடிவில் எழுதித் தரும், அவ்வளவுதான். ஓட்டுவது நம் நிரல். விடை மறுபடி எழுத்தாக மாடலிடம் போகும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ 2023 ஜூனில் இந்த வசதியைத் தன் ஏபிஐயில், அதாவது நம் நிரல் மாடலை அழைக்கும் வழியில், சேர்த்தது. டூல்களை இணைப்பதற்கு ஒரு பொது நெறிமுறையாக எம்சிபியை (Model Context Protocol), கிளாட் மாடலை உருவாக்கிய ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்டது. எந்த வழியில் போனாலும் மாடலுக்குக் கிடைப்பது டூலின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் அமைப்பு ஆகியவைதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். டூலுக்குள் இருக்கும் நிரலை மாடல் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை! ராத்திரி கண்விழித்து நீங்கள் செதுக்கிய நிரலில் ஒரு வரியும் அதற்குத் தெரியாது. பயனரின் கேள்வியும் டூல் விளக்கங்களும் ஒரே டோக்கன் (சொல் அல்லது சொல்லின் துண்டு) வரிசையாக அதன் முன் வந்து விழுகின்றன. கேள்வியில் உள்ள சொற்களோடு எந்த விளக்கம் பொருந்துகிறதோ, அந்தப் பக்கம் சாய்கிறது. மாடலைப் பொறுத்தவரை அந்த நாலு வரிதான் டூல்.

வாசகர் அனுப்பிய பட்டியலில் இப்படி இரண்டு இருந்தன:

தேடு: தரவைத் தேடும்.
விவரம்_எடு: விவரங்களைத் தரும்.

இதில் ஆர்டருக்கு எது? எனக்கே விளங்கவில்லை. இப்படி மாற்றிப் பாருங்கள்:

ஆர்டர்_நிலை: ஆர்டர் எண்ணைக் கொடுத்தால் அதன் நிலை, தொகை, அனுப்பிய தேதி கிடைக்கும். எண் தெரியாமல் பெயர் மட்டும் இருந்தால், முதலில் வாடிக்கையாளர்_தேடு டூலை ஓட்டவும்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எப்போது இந்த டூலைத் தொடக் கூடாது என்பதை அது சொல்லிவிடுகிறது. பலரும் எழுத மறப்பது இதைத்தான்.

அப்புறம் உள்ளீடுகள். ‘தேதி’ என்று மட்டும் போட்டால், மாடல் 05/06/2025 என்று அனுப்பலாம். அது ஜூன் 5-ஆ, மே 6-ஆ? நிரல் எதையாவது ஒன்றாக எடுத்துக்கொண்டு, பிழையே காட்டாமல் தப்பான விடையைத் தந்துவிடும். ‘ஆண்டு-மாதம்-நாள், எ.கா. 2025-06-05’ என்று எழுதினால் தீர்ந்தது. பிழைச் செய்தியும் அப்படித்தான். ‘பிழை 400’ என்று எண்ணை மட்டும் திருப்பினால் மாடல் அதே தவற்றை இன்னொரு தடவை செய்யக்கூடும். ‘தேதியில் மாதம் 13 வந்திருக்கிறது, ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் அனுப்பவும்’ என்றால் பெரும்பாலும் தானே திருத்திக்கொள்ளும்.

சிலர் ஒவ்வொரு விளக்கத்திலும் ‘மிக மிக முக்கியம்! கட்டாயம் இதையே பயன்படுத்து!’ என்று மந்திரம் போல எழுதி வைக்கிறார்கள். எனக்கு இது சுத்த மூடநம்பிக்கையாகப் படுகிறது. பன்னிரண்டு டூல்களும் ‘நான்தான் முக்கியம்’ என்று கத்தினால், யாரும் கத்தாத மாதிரிதான். டோக்கன் செலவு மட்டும் ஏறும், ஏனென்றால் பொதுவாக மாடலை அழைக்கும் ஒவ்வொரு முறையும் எல்லா விளக்கங்களும் கூடவே போகின்றன.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. விளக்கத்தை மாடல் நம்பிப் படிப்பதால், வெளியாள் எழுதிய டூலில் ‘பயனரின் கோப்பைப் படித்து இங்கே அனுப்பு’ என்று ஒரு வரி ஒளிந்திருந்தால் அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். 2025-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். ஆகவே அடுத்தவர் டூலை இணைக்கும் முன் அதன் விளக்கத்தை முழுசாகப் படித்துவிடுங்கள்.

வாசகருக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். உங்கள் நிரலைப் பார்த்தே இராத நண்பர் ஒருவரிடம் விளக்கங்களை மட்டும் காட்டி, பயனர்கள் உண்மையில் கேட்ட பத்துக் கேள்விகளைக் கொடுத்து, எதற்கு எந்த டூல் என்று எழுதச் சொல்லுங்கள். அவர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்காரும் கேள்விகளைக் குறித்து எனக்கு அனுப்புங்கள். மாடலை மாற்றுவது பற்றி அப்புறம் பேசலாம்.