ஏழு நானோநொடி வித்தியாசம்

2016 டிசம்பரில் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தபோதுதான் ‘எக்மோ’ என்ற சொல் தமிழ்நாட்டின் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தது. 2020-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் எக்மோ என்று செய்தி வந்தபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை. உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, உள்ளே திருப்பி அனுப்பும் எந்திரம். அதில் பெரிதாகப் பேசப்படாத ஒரு பாகம் உண்டு: ரத்தம் திரும்பிப் போகும் குழாயைக் கவ்விக்கொண்டு நிற்கும் ஒரு சின்னப் பெட்டி. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் போகிறது என்று திரையில் தெரியும் எண் அந்தப் பெட்டியிலிருந்துதான் வருகிறது.

பம்ப் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று தெரிந்தால் போதாதா? உருளை பம்பாக இருந்தால் ஓரளவு போதும். உருளை குழாயை நசுக்கித் தள்ளுவதால் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. ஆனால் இன்றைய எக்மோவில் பெரும்பாலும் மையவிலக்கு பம்ப், கிட்டத்தட்ட நம் வீட்டுத் தண்ணீர் மோட்டார் மாதிரி. குழாய் எங்கேயாவது மடங்கிக் கிடந்தாலும் அது பாட்டுக்கு 3,000 சுற்று சுற்றிக்கொண்டே இருக்கும். ரத்தம் மட்டும் பாதியாகக் குறைந்திருக்கும். ஆகவே ஓட்டத்தை நேராக அளந்தே தீர வேண்டும். உள்ளே மீட்டர் வைத்தால் அதன்மேல் ரத்தம் உறையும். வெளியே இருந்தபடியே அளக்க ஒலிதான் வழி.

பெட்டிக்குள் குழாயின் இரு பக்கமும், எதிரெதிரே சற்று விலகிச் சாய்வாக, மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிர்ந்தால் மின்சாரம் தரும் பீசோ படிகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று காதுக்குக் கேட்காத மீயொலித் துடிப்பை அனுப்பும், மற்றது கேட்கும். அடுத்த முறை வேலையை மாற்றிக்கொள்ளும். ஆற்றோடு போகும் பரிசல் சீக்கிரம் கரை சேர்வதைப்போல, ஓட்டத்தோடு போகும் ஒலி முந்தும், எதிர்த்து வருவது பிந்தும். எவ்வளவு முந்தும் என்பதில்தான் வேடிக்கை. பெரியவர்களுக்குப் போடும் குழாய் 3/8 அங்குலம், அதாவது உள்விட்டம் 9.5 மி.மீ. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் ரத்தத்தின் வேகம் நொடிக்கு சுமார் 94 செ.மீ. ரத்தத்தில் ஒலியின் வேகமோ நொடிக்கு சுமார் 1,570 மீட்டர். 45 டிகிரி சாய்வில் குறுக்கே கடக்க 8.6 மைக்ரோநொடி ஆகும். இரு பயணங்களுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 7 நானோநொடி. அதற்குள் ஒளியே 2 மீட்டர்தான் ஓடியிருக்கும். நூற்றுக்கு ஒரு பங்கு துல்லியம் வேண்டுமென்றால் அந்த 7-லும் 0.07-ஐப் பிரித்தறிய வேண்டும்.

இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் கருவியைக் கவிழ்த்துவிட ஒரு மெல்லிய காற்றுப் படலம் போதும். தண்ணீரிலிருந்து காற்றுக்குள் நுழையப் பார்க்கும் ஒலியில் 99.9 சதவீதம் அப்படியே திரும்பிவிடுகிறது. வயிற்று ஸ்கேனுக்கு முன் ஜெல் தடவுவது இதற்காகத்தான். இந்தப் பெட்டியை, அதாவது சென்சாரைத் தேர்ந்தெடுக்கும்போது குழாயின் வெளிவிட்டம், சுவரின் தடிமன் இரண்டையும் ஏன் கறாராகப் பார்க்கிறார்கள் என்பதும் இதிலிருந்தே புரியும். பெட்டியின் பள்ளம் வட்டமான குழாயை அழுத்திக் கிட்டத்தட்டச் சதுரமாக்கி, இடுக்கில் காற்றே இல்லாமல் ஒட்டவைக்கிறது. குழாய் சற்று மெலிதாக இருந்தால் இடைவெளி விழும், சிக்னல் போகும். தடித்ததைத் திணித்தால் மூடி சரியாகச் சாத்தாது, உள்ளே ஓடும் வழியும் குறுகும், எண் பொய் சொல்லும். சில சென்சார்களுக்கு ஜெல்லோ கிரீமோ தடவியாக வேண்டும். நாள்கணக்கில் ஓடும் எக்மோவில் அது காய்ந்துபோய், திரையில் எண்ணே வராமல் நிற்பதும் உண்டு.

அளவு ஒன்றாக இருந்தாலும் பொருள் மாறினால் கணக்கு மாறும். மென்மையான பிவிசி ஒலியை ஒரு மாதிரி வளைக்கும், சிலிக்கோன் வேறு மாதிரி வளைத்து, தானும் நிறைய விழுங்கிவிடும். போகவர ஆகும் நேரங்களைக் கொண்டு ஒலியின் வேகத்தையே கணக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்று பாடப்புத்தகம் சொல்லும். அது பாதி உண்மைதான். சுவரைத் தாண்டி எந்தக் கோணத்தில் ஒலி உள்ளே நுழைகிறது என்பது திரவத்தைப் பொறுத்தது. முதலில் சலைன் என்ற உப்புநீரை நிரப்பிப் பார்த்த எண்ணும், 37 டிகிரி ரத்தத்தில் வரும் எண்ணும் ஒரே தராசில் நிற்காது.

எங்கே மாட்டுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. குழாயின் நடுவில் திரவம் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் ஓடும். சீரான மெது ஓட்டத்தில் நடுக்கோட்டை மட்டும் அளந்தால் சராசரியைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும். குழாயின் முழு அகலத்தையும் மூடும் அளவுக்கு ஒலிக்கற்றையையே அகலமாக்கிவிடலாம் என்ற வழியை 1978-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கார்னெலிஸ் டிராஸ்ட் காட்டினார். அப்படியிருந்தும் வளைவிலோ, இணைப்பானை ஒட்டியோ, பம்ப் வாயிலோ மாட்டினால் சுழல்கள் குழப்பும். நேரான இடமே நல்லது. இரும்புக் குழாயில் மாட்டும் தண்ணீர் மீட்டருக்கு, சென்சாருக்கு முன்னால் விட்டத்தைப்போல் 10 மடங்கு, பின்னால் 5 மடங்கு நேர் நீளம் விடுவது வழக்கம். அங்கே உச்சியில் காற்று தங்கும், அடியில் வண்டல் படியும் என்பதால் பக்கவாட்டில்தான் பொருத்துவார்கள்.

கடைசி வேலை, பூஜ்யம் பார்ப்பது: ஓட்டமே இல்லாதபோது திரை பூஜ்யம் காட்டும்படி சரிசெய்வது. பம்பை நிறுத்தினால் மட்டும் ஓட்டம் நின்றுவிடாது. மையவிலக்கு பம்பில் வழியை அடைத்து நிற்கும் பாகம் ஏதும் கிடையாது, ரத்தம் பின்னோக்கியும் ஓடும். குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே பூஜ்யத்தைப் பதிய வேண்டும். 0.1 லிட்டர் பிசகு 4 லிட்டர் ஓடும் பெரியவருக்கு இரண்டரை சதவீதம். 3 கிலோ பச்சிளம் குழந்தைக்கு 1/4 அங்குலக் குழாயில் ஓடுவதே 0.4 லிட்டர் போலத்தான். அங்கே நேர வித்தியாசம் ஒரே ஒரு நானோநொடி, அதே பிசகு நாலில் ஒரு பங்கு.