கோலெட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பழகிய பட்டறையில், சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் ஸ்டோரிலிருந்து சாமான் வரும். மெஷினில் வெட்டும் கருவியைப் பிடிக்கும் சின்னக் குழல்தான் கோலெட். சேர்ந்த புதிதில் ஒரு நாள் அதைக் கேட்டு "கலெக்ட் 10 எம்.எம். – 1" என்று எழுதி நீட்டினேன். ஸ்டோர்க்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பத்து எம்.எம்.மை யார்கிட்டப்பா கலெக்ட் பண்ணணும்?" என்றார். பக்கத்தில் நின்ற, மெஷினை வேலைக்குத் தயார் செய்யும் செட்டர் அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பட்டறைச் சீட்டுகளில் கோலட், காலெட், கொலட் என்று எல்லா உருவமும் வந்து போயிருக்கின்றன. சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் எழுத்து இப்படித்தான் அலையும்.

வந்த இடம் பிரெஞ்சு. அந்த மொழியில் 'கோல்' என்றால் கழுத்து. லத்தீனின் 'கோல்லும்' அதற்குத் தாய். குட்டி என்று காட்டும் விகுதி சேர்ந்து 'கோலெ' ஆனது. கழுத்துப்பட்டை, சின்னக் கழுத்து என்று பொருள். அதை ஆங்கிலம் எடுத்துக்கொண்டு கடைசி எழுத்தை அழுத்திச் சொன்னதால் கோலெட். சட்டைக் காலரும் இதே வேரில் வந்ததுதான், இரண்டும் பங்காளிகள். நகைத் தொழிலிலும் இந்தச் சொல் உண்டு. மோதிரத்தில் கல்லைச் சுற்றி நின்று அதைக் கவ்விக்கொண்டிருக்கும் உலோக விளிம்புக்கும் ஆங்கிலத்தில் கோலெட் என்றே பெயர்.

மெஷினில் கோலெட் என்பது நீளவாக்கில் பல கீற்றாக வெட்டிய எஃகுக் குழல். வெளிப்பக்கம் கூம்பு, உள்ளே நேர் ஓட்டை. கட்டரின், அதாவது வெட்டும் கருவியின், காம்பை ஓட்டையில் நுழைத்து, முன்னால் நட்டை முடுக்கினால் குழல், அதைத் தாங்கும் ஹோல்டரின் கூம்புக்குள் பின்னோக்கித் தள்ளப்படும். போகப் போகக் கீற்றுகள் நெருங்கி, காம்பைச் சுற்றிலும் ஒரே அளவாக இறுக்கும். இன்று எங்கும் கிடைக்கிற இ.ஆர். வகையை 1973-இல் ரெகோ-ஃபிக்ஸ் என்ற சுவிட்சர்லாந்து நிறுவனம் கொண்டுவந்தது. அதன் கீற்றுகள் முன்னிருந்து ஒன்று, பின்னிருந்து ஒன்று என்று மாறி மாறி வெட்டப்பட்டிருக்கும். அதனால் வாய்ப்பக்கம் மட்டும் நெருங்காமல் முழு நீளமும் ஒன்றாகச் சுருங்கும். கூம்பின் சரிவு ஒரு பக்கத்துக்கு 8 பாகை. இ.ஆர்.32 செட்டில் 2 மில்லிமீட்டர் காம்பிலிருந்து 20 மில்லிமீட்டர் வரை பிடிக்கலாம். ஒவ்வொரு கோலெட்டும் 1 மில்லிமீட்டர் சுருங்கும். அதன் முகத்தில் '10-9' என்று இருந்தால் பத்திலிருந்து ஒன்பது வரை என்று அர்த்தம்.

இந்த எண்ணை நான் படித்த விதம் ஒரு நாள் ஷிஃப்டையே கெடுத்தது. அலுமினியத் தட்டில் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழி எடுக்கும் வேலை. முதல் சில பீஸ் சரியாக வந்தன. பிறகு பார்த்தால் 10.1, அடுத்து 10.25. புரோகிராமில் யாரும் கை வைக்கவில்லை. அண்ணன் வந்து நட்டைக் கழற்றி, கோலெட்டை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நம்பர் பாத்தியாடா?"

"பத்துன்னுதாண்ணா போட்டிருக்கு."

"பதினொண்ணு-பத்துன்னு போட்டிருக்கு. பத்து அதுக்குக் கீழ்க்கடைசி. இன்னும் சுருங்க எடமே இல்ல, அப்புறம் எங்க பிடிக்கும்?"

சுருங்கும் வரம்பின் கடைசியில் நிற்கும் கோலெட்டின் பிடி அரைகுறை. போதாததற்கு உள்ளே எண்ணெய்ப் பசை. எண்ட் மில் என்ற இந்தக் கட்டரின் பற்கள் திருகாணி போலச் சுற்றிப் போகிறவை. சிராயை மேலே தள்ளும்போது கட்டர் தன்னைத்தானே கீழே இழுத்துக்கொள்ளும். பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தால் மயிரிழை மயிரிழையாக ஹோல்டரை விட்டு இறங்கும். ஆழமும் கூடிக்கொண்டே போகும். அன்றைக்கு இன்னொன்றும் கற்றேன். கோலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து அழுத்த வேண்டும். நட்டுக்குள் இருக்கும் விளிம்பு கோலெட்டின் காடியில் 'டிக்' என்று உட்காரும். அதன் பிறகே ஹோல்டர். கோலெட்டை ஹோல்டரில் போட்டுவிட்டு மேலே நட்டைத் திருகுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். கட்டர் ஆடும், கழற்றும்போது கோலெட் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஸ்பேனரில் குழாய் மாட்டி முறுக்கினாலும் இந்தப் பிழை சரியாகாது.

இது கட்டரை ஹோல்டர் பிடிக்கும் கதை. ஹோல்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் அதைப் பிடிப்பது அடுத்த கதை. அங்கேயும் உள்ளே ஒளிந்திருக்கும் விரல்களைச் சில மெக்கானிக்குகள் கோலெட் என்றே சொல்கிறார்கள். ஸ்பிண்டிலுக்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை. இராட்டையில் நூல் சுற்றும் இரும்புக் கம்பிக்குக் கதிர் என்று பெயர். ஆங்கிலச் சொல்லும் நூற்பதிலிருந்து பிறந்ததுதான். நம் வி.எம்.சி.யில், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் செங்குத்து மில்லிங் மெஷினில், சுற்றுவதும் கதிர்தான், கொஞ்சம் பருத்துவிட்டது, அவ்வளவே.

பழைய டிரில்லிங் மெஷினில் மோர்ஸ் கூம்பு இருக்கும். அமெரிக்கர் ஸ்டீபன் மோர்ஸ் 1860-களில் கொடுத்தது. ஏறக்குறைய 20-க்கு 1 என்ற மெல்லிய சரிவு. மர ஆப்பு மாதிரி தட்டி ஏற்றினால் தானே பிடித்துக்கொள்ளும், எடுக்கவும் தட்டத்தான் வேண்டும். வி.எம்.சி.யின் பி.டி.40 ஹோல்டர் வேறு சாதி. நீளம் 24-க்கு விட்டம் 7 குறையும் செங்குத்தான கூம்பு. அது நடுவை மட்டும் காட்டும், தானாகப் பிடிக்காது. விட்டால் கீழே விழும். நொடியில் டூல் மாற்ற வேண்டிய மெஷினுக்கு அதுவே வசதி. பிடிக்கும் வேலை வேறு ஆளுக்கு: ஹோல்டரின் உச்சியில் திருகிய குமிழை, அதாவது புல் ஸ்டட்டை, விரல்கள் சுற்றிக் கவ்வ, ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் டிரா பார் என்ற கம்பி மேலே இழுக்கிறது. இழுவிசை மெஷினுக்கு மெஷின் மாறும், பி.டி.40-இல் பொதுவாக 800 முதல் 1,200 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம்.

இந்த விசையைக் கொடுப்பது ஹைட்ராலிக் என்றுதான் புதிதாக வருகிற பையன்கள் பலர் நினைக்கிறார்கள். இல்லை. டிரா பாரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தட்டு ஸ்பிரிங்குகள்தான் இழுக்கின்றன. கிண்ணம் போல் லேசாகக் குழிந்த இந்த வளையங்களுக்கு 1867-இல் பிரான்சில் காப்புரிமை பெற்றவர் ஜூலியன் பெல்வில். ஹைட்ராலிக்கும் காற்றும் டூலை விடுவிக்க மட்டும். ஸ்பிரிங்கை அமுக்கி விரல்களைத் திறக்கும். வேலை நடுவில் கரண்ட் போனாலும் டூல் கையை விட்டுப் போகாது என்பது இதனால்தான். பிடிக்கச் சக்தி தேவையில்லை, விடத்தான் தேவை. வருஷக்கணக்கில் அமுங்கி அமுங்கி ஸ்பிரிங் ஒன்றிரண்டு உடைந்தால் இழுவை குறையும். மெஷின் அலாரம் அடிக்காமலும் போகலாம். ஹோல்டரின் கூம்பில் செம்பழுப்பாக மாவு படிந்திருந்தால் துருவென்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே ஹோல்டர் நுண்ணியதாக ஆடுகிறது என்பதற்கு அது அடையாளம். புல் ஸ்டட்டிலும் 45 பாகை, 60 பாகை என்று சரிவு வேறுபடும். மாற்றிப் போட்டால் விரல் முழுதாகப் பதியாது.

இனி தமிழுக்கு வருவோம். சக், கோலெட், கிளாம்ப், ஹோல்டர் எல்லாவற்றுக்கும் 'பிடிப்பான்' என்று ஒரே சொல்லை ஒட்டுவது எனக்கு ஒப்பவில்லை. ஓசூர்ப் பட்டறையில் தமிழர் 'பிடி' என்பார், கன்னடக்காரர் 'ஹிடி' என்பார், தெலுங்குக்காரர் 'பட்டுக்கோ' என்பார். முதல் இரண்டும் ஒரே சொல். மூன்றாவது நம் 'பற்று'க்கு உடன்பிறப்பு. பொதுவாகப் பிடிப்பதற்குப் 'பிடி' போதும். எப்படிப் பிடிக்கிறது என்று சொல்லத்தான் நமக்குக் கவ்வு, இடுக்கு, இறுக்கு, கொளுவு என்று தனித்தனி வினைகள் இருக்கின்றன. சக் என்பது மரக்கட்டை என்ற பொருளுள்ள 'சாக்' என்ற சொல்லிலிருந்து திரிந்தது. லேத்தில் மூன்று தாடை வைத்து அது பொருளைக் கவ்வுவதால் கவ்வி என்று சொன்னால் பொருந்தும். கோலெட்டுக்கோ தாடை இல்லை. அது சுற்றி அணைக்கும் வளையம்.

அந்த வளையத்துக்கு எங்கள் ஊர்ச் சொல் ஒன்று இருக்கிறது. பாலக்கோடு பக்கம் என் பாட்டி சாமை குத்திய உலக்கையின் முனையில் இரும்பு வளையம் உண்டு. அதுதான் பூண். வெயில் காலத்தில் மரம் வற்றிப் பூண் கழன்று ஆடும். பாட்டி உலக்கை முனையைத் தண்ணீர்க் குடத்தில் நிறுத்தி வைப்பார். மறுநாள் மரம் ஊதி, பூண் அசையாது. பூண் என்றால் அணிகலன் என்றும் பொருள். பூணுவது அணிவது. கழுத்துப்பட்டையிலிருந்து வந்த பிரெஞ்சுச் சொல்லுக்கும், நகைக்கல்லைச் சுற்றும் விளிம்புக்கும், கருவியைச் சுற்றும் உலோக வளையத்துக்கும் சேர்ந்து பொருந்துகிற தமிழ் இதைவிட எனக்குக் கிடைக்கவில்லை. உலக்கைப் பூண் சும்மா நிற்கிறது, கோலெட் நெருங்கிக் கவ்வுகிறது, ஆகவே கவ்வுபூண். 'கவ்வுப்பூண்' என்று ஒற்று போட வேண்டாம். ஊறுகாய், சுடுகாடு போல இதுவும் வினைத்தொகை, வல்லினம் மிகாது.

ஸ்பிண்டிலுக்குள் இருப்பதைப் பூண் என்று சொல்ல மாட்டேன். பி.டி.யில் குமிழை வெளியிலிருந்து பிடிப்பவை கவ்வுவிரல்கள். எச்.எஸ்.கே. என்ற இன்னொரு வகை ஹோல்டரில் அந்தப் பெயரும் சரிவராது. அது ஜெர்மன்காரர்கள் 1990-களின் தொடக்கத்தில் தரமாக்கியது. பெயரின் விரிவே உள்ளீடற்ற காம்புக் கூம்பு என்றுதான். எச்.எஸ்.கே.63 என்றால் விளிம்பின் விட்டம் 63 மில்லிமீட்டர். அதன் விரல்கள் ஹோல்டரின் வயிற்றுக்குள் போய் வெளிப்புறமாக விரிந்து, உள்விளிம்பில் மாட்டி இழுக்கும். கூம்பும் முகமும் சேர்ந்து பதியும். வேகம் கூடக் கூட விரல்கள் இன்னும் விரியப் பார்க்கும், பிடியும் இறுகும். உள்ளிருந்து ஊதிப் பூணை இறுக்கிய பாட்டியின் உலக்கையை எனக்கு நினைவூட்டுவது இதுதான். இவற்றைக் கொளுவுவிரல்கள் என்கிறேன்.

பூணே போதும் என்று சொல்லத்தக்க ஹோல்டரும் ஒன்று உண்டு. மின்தூண்டலால் சில நொடிகளில் சூடாக்கி, ஓட்டை விரிந்ததும் கட்டரைப் போட்டு ஆறவிடுவார்கள். கீற்றும் இல்லை, நட்டும் இல்லை. மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் காய்ச்சிப் பட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சுடுபூண் என்று சொல்லலாம்.

போன வாரம் துணிந்து ஸ்டோர் சீட்டில் "கவ்வுபூண் 10-9, இ.ஆர்.32 – 1" என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது ஸ்டோரில் வேறு ஆள். "என்னண்ணா இது, நகைக்கடை அயிட்டமா?" என்று கேட்டார். பாதி சரிதான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், எண்ணைப் பார்த்து எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.