செயற்கைக்கோள் விழுந்துகொண்டேதான் இருக்கிறது

கொடைக்கானலில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். மேகமில்லாத மாலைகளில் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப்போய், சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் கடப்பதைக் காட்டுவேன். அப்படி ஒரு மாலையில் ஒரு மாணவனின் அம்மா பதற்றத்தோடு போனை நீட்டினார். ‘இன்று இரவு கொடைக்கானல் மேல் செயற்கைக்கோள் விழும்’ என்று ஒரு வாட்ஸ்அப் தகவல். பக்கத்தில் நின்ற மகனோ, “மேலதான் ஈர்ப்பே கிடையாதே சார், எப்படி விழும்?” என்றான்.

முதலில் பையனுக்குப் பதில். நிலையம் இருக்கும் 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதில் கிட்டத்தட்ட 90 சதவீதம். நிலையம் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் நொடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் ஓடுவதால், அது எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு பூமியும் வளைந்து கீழே போய்விடுகிறது. டிவி செயற்கைக்கோள்கள் 35,786 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 3 கி.மீ. வேகத்திலேயே சமாளித்துவிடும்.

அப்புறம் காற்று. குக்கர் இல்லாமல் இங்கே சோறு வேக எவ்வளவு நேரமாகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலே போகப்போகக் காற்று மெலியும். இன்ன இடத்தோடு முடிந்தது என்று கோடு கிடையாது. 400 கி.மீ.யிலும் துளித்துளியாக இருக்கும் காற்று உரசி, நிலையத்தை மெல்லக் கீழே இறக்கும். அவ்வப்போது எஞ்சினை இயக்கி உயர்த்திவிடுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: காற்று தடுக்கத் தடுக்கச் செயற்கைக்கோளின் வேகம் கூடத்தான் செய்யும். வத்தலகுண்டு மலைப்பாதையில் பிரேக்கை லேசாக மட்டும் மிதித்து இறங்கும் வண்டியைப் போல. உயரம் இழப்பதால் கிடைக்கும் ஆற்றலில் பாதி உரசலுக்குப் போகும், பாதி வேகமாகும்.

அந்தக் காற்றின் அளவும் நிலையில்லை. நம் மலையில் 1899 முதல் இருக்கும் ஆய்வகம் பார்த்துவரும் அதே சூரியன் கொந்தளித்தால், மேல்வளிமண்டலம் சூடேறி உப்பும். அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம், 1979 ஜூலையில் விழுந்தது இதனால்தான். 2022 பிப்ரவரியில் சூரியன் கிளப்பிவிட்ட ஒரு காந்தப்புயல், புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவற்றைக் கீழே தள்ளிவிட்டது.

இனி அம்மாவுக்கு. கட்டுப்பாடிழந்த செயற்கைக்கோள் எப்போது விழும் என்ற கணக்கு, கடைசி நாளில்கூடச் சில மணி நேரம் பிசகும். ஒரு மணி நேரம் பிசகினாலே இடம் 27,000 கி.மீ. தள்ளிப்போகும். முன்கூட்டியே ஊர்ப்பெயர் சொல்லும் தகவல் எப்படி உண்மையாக இருக்கும்?

“சரிங்க சார்” என்றார். அதற்குள் மூன்று குரூப்புக்கு அனுப்பியாயிற்றாம்.