கூம்பின் ஓரத்தில் இருப்பவர்கள்

அட்லாண்டிக்கில் ஹரிக்கேன் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நான் உட்கார்ந்திருப்பது சென்னையில் என்றாலும் அந்த ஆறு மாதமும் என் திரையில் ஓடுவது கரீபியன் கடலும் மெக்சிகோ வளைகுடாவும்தான். கப்பல்களுக்கு வானிலை பார்த்து, எந்த வழியாகப் போகலாம், எங்கே நின்று காத்திருக்கலாம் என்று சொல்லும் தொழில். ஹூஸ்டன், டாம்பா துறைமுகங்களுக்குப் போகிற கேப்டன்கள் கேட்பார்கள். அதே ஊர்களில் குடியிருக்கும் நம்மவர்களும் கேட்பார்கள். "எங்கே வரும்?" என்ற கேள்வி இரண்டு தரப்புக்கும் பொது. பதிலை வைத்து அவர்கள் செய்கிற காரியம்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

வானிலை ஆர்வலர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கரீபியனில் ஒரு மேகக்கூட்டத்துக்கு, இதைக் கண்காணிக்க வேண்டும் என்று ஒரு எண் விழுந்த உடனே இவர்கள் விழித்துக்கொள்வார்கள். புயலின் போக்கைக் கணிக்கும் கம்ப்யூட்டர் மாடல்களில், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு நாலு முறை ஓடுகிறது. அதன் ராத்திரி ரன், ஃப்ளோரிடாவில் பதினொன்றரை மணி வாக்கில்தான் வர ஆரம்பிக்கும். ஐரோப்பிய மாடல் வரும்போது ராத்திரி இரண்டு மணி ஆகிவிடும். எனக்கு அது காலைக் காபி நேரம். அவர்களோ நடுராத்திரியில் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்து, மறுநாள் கண் சிவக்க ஆபீஸ் போவார்கள். அட்லாண்டிக் மேலே நிற்கும் பெர்முடா உயர் அழுத்தம் மேற்கே நீள்கிறதா, வடக்கிலிருந்து இறங்கும் ட்ரஃப் என்கிற தாழ்வழுத்தப் பட்டை புயலைப் பிடித்துக்கொள்ளுமா விட்டுவிடுமா, வறண்ட காற்று உள்ளே புகுமா என்று அவர்கள் அடித்துக்கொள்வதில் பாதி, எங்கள் ஷிஃப்டிலும் நடக்கிற பேச்சுதான்.

சிக்கல், கட்சி கட்டும்போது வருகிறது. ஐரோப்பிய மாடலுக்கு ஒரு கட்சி, ஜிஎஃப்எஸ்ஸுக்கு ஒரு கட்சி. ஐரோப்பியக் கட்சியின் பெரிய சாட்சி 2012 அக்டோபரில் வந்த சாண்டி. ஜிஎஃப்எஸ் அதைக் கடலுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தபோதே, ஒரு வாரம் முன்னால் இடப்பக்கம் திரும்பி அமெரிக்கக் கரையில் ஏறும் என்று ஐரோப்பிய மாடல் காட்டியது. அப்படியே நடந்தது. ஆனால் அதே வருஷம் ஜூனில் டெபி வந்ததை யாரும் நினைவுபடுத்துவதில்லை. டெபி மேற்கே போகும் என்றது ஐரோப்பிய மாடல். கிழக்கே ஃப்ளோரிடாவுக்கு என்றது ஜிஎஃப்எஸ். அது போனது ஃப்ளோரிடாவுக்கு. போன புயலில் ஜெயித்த மாடல் இந்தப் புயலிலும் ஜெயிக்கும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் கிடையாது.

பல மாடல்களின் கோடுகளை ஒரே வரைபடத்தில் கொட்டிக்காட்டும் ஸ்பெகட்டி படம் அதைவிட மோசம். அதில் எக்ஸ்டிஆர்பி என்று ஒரு கோடு பல நேரம் இருக்கும். அது மாடலே இல்லை. புயல் இப்போது போகிற திசையை ஸ்கேல் வைத்து அப்படியே நீட்டினால் வருகிற கோடு, அவ்வளவுதான். "ஒரு மாடல் நேரா நம்ம ஊருக்குக் காட்டுது" என்று அனுப்பிவைக்கப்பட்ட படத்தில், அந்த ஒரு மாடல் இதுவாக இருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2022 செப்டம்பரில் வந்த ஐயன் புயலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கரீபியனில் உருவாகி, 27-ஆம் தேதி கியூபாவின் மேற்கு முனையைக் கடந்து, ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையை நோக்கி வந்தது. தொடக்கத்தில் ஜிஎஃப்எஸ், புயலை மேற்கே தள்ளி, ஃப்ளோரிடாவின் வடமேற்கு ஓரமான பேன்ஹேண்டில் பகுதிக்குக் கொண்டுபோனது. ஐரோப்பிய மாடல் டாம்பாவுக்கும் அதற்குத் தெற்கேயும் காட்டியது. அதிகாரபூர்வக் கணிப்பு வெளியிடும் அமெரிக்கத் தேசிய ஹரிக்கேன் மையத்தின் நடுக்கோடு ஒரு கட்டத்தில் டாம்பாவுக்கு வடக்கே இருந்து, பிறகு டாம்பாவுக்கு வந்தது. விவாதம் முழுக்க டாம்பாவைச் சுற்றியே நடந்தது. கடைசியில் ட்ரஃப் எதிர்பார்த்ததைவிட வலுவாக இழுத்தது. 28-ஆம் தேதி மதியம் 3 மணிக்குப் பிறகு, மணிக்கு 240 கி.மீ. காற்றுடன் கேயோ கோஸ்டா தீவில் கரையேறியது. பக்கத்து நகரம் ஃபோர்ட் மையர்ஸ். டாம்பாவிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தெற்கே, லீ கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி).

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஃப்ளோரிடாவின் மேற்குக் கரை கிட்டத்தட்ட வடக்கு தெற்காக ஓடுகிறது. ஐயனும் வந்தது தெற்கிலிருந்து வடக்கு, வடகிழக்காக. கரையோரமாகவே, அதை உரசுகிற மாதிரி வருகிற புயல் சில பாகை வலப்பக்கம் சாய்ந்தால் போதும், கரையைக் கடக்கும் ஊர் நூறு கிலோமீட்டருக்கு மேல் மாறிவிடும். நேர்குத்தாக வருகிற புயலில் இதே பிழை அவ்வளவு பெரிதாகத் தெரியாது. 2004-இல் சார்லியும் இப்படித்தான் டாம்பாவுக்குப் போகிறது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, வலப்பக்கம் திரும்பி இதே கேயோ கோஸ்டாவில் இதே 240 கி.மீ. வேகத்தில் ஏறி, பன்ட்டா கோர்டாவைச் சிதைத்தது. எச்சரிக்கை அந்த ஊருக்கும் விடப்பட்டிருந்தது. ஜனங்களின் கண் நடுக்கோட்டில் இருந்தது.

பதினெட்டு வருஷம் கழித்து ஐயனிலும் அதே கதை. புயல் கரையேறிய பகுதி, பெரும்பாலான அறிவிப்புகளில், புயல் போகக்கூடிய பாதையைக் காட்டும் முன்கணிப்புக் கூம்பின் ஓரத்தில் இருந்தது. அக்கம்பக்கத்துக் கவுண்டிகள் பல 26-ஆம் தேதியே வெளியேறச் சொல்லிவிட்டன. லீ கவுண்டியின் உத்தரவு 27-ஆம் தேதி காலைதான் வந்தது. ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் கடல்நீர் தரைக்கு மேல் 10 முதல் 15 அடி வரை ஏறியது. கடல் எழுச்சியில் மட்டும் 41 பேர் செத்தார்கள்; அதில் 36 பேர் லீ கவுண்டி. டாம்பாவில் என்ன நடந்தது தெரியுமா? வளைகுடாத் தண்ணீர் உள்வாங்கித் தரை தெரிந்தது, ஜனங்கள் அதில் நடந்துபோய்ப் படம் எடுத்தார்கள். வட அட்லாண்டிக்கில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. மேற்குப் பார்த்த கரையில் புயலின் கண்ணுக்குத் தெற்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலைத் தள்ளிக்கொண்டு வரும். வடக்கே இருப்பவர்களிடமிருந்து கடலை வெளியே தள்ளும்.

அந்தக் கூம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூம்புக்குள் இருந்தால் ஆபத்து, வெளியே இருந்தால் தப்பித்தோம் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். கடந்த ஐந்து வருஷத்தில் ஹரிக்கேன் மையத்தின் கணிப்பு எவ்வளவு தவறியது என்று பார்த்து, அதில் மூன்றில் இரண்டு பங்கு பிழை அடங்குகிற அளவுக்கு ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு வட்டம் போடுவார்கள். வட்டங்களை இணைத்தால் கூம்பு. அதாவது மூன்றுக்கு ஒரு முறை புயலின் கண்ணே வெளியே போகலாம் என்பது கணக்கிலேயே இருக்கிறது. 2022-இல் ஐந்தாம் நாள் வட்டத்தின் ஆரம் 200 கடல் மைல். சீசன் முழுக்க எல்லாப் புயலுக்கும் அதே அளவுதான். இந்தப் புயல் கணிக்கக் கஷ்டமானது என்பதால் கூம்பு அகலமாகாது. புயல் எவ்வளவு பெரியது, மழை எங்கே, தண்ணீர் எங்கே ஏறும், ஒன்றும் அதில் இல்லை. கண் எங்கே போகலாம் என்பது மட்டும்.

ஐயன் வருவதற்கு முன்பு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் என் அக்கா மகன் கூப்பிட்டான். அவனும் ராத்திரி ரன் பார்க்கிற கோஷ்டி. "ஜிஎஃப்எஸ் மேற்கே தள்ளிடுச்சு மாமா. யூரோதான் நம்ம மேல வருது. நாளைக்கு ரன்னைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கேன்."

"அது கிடக்கட்டும். உன் வீடு எந்த ஸோன்டா?"

"எக்ஸ் ஸோன் மாமா. ஃப்ளட் இன்ஷூரன்ஸ்கூடக் கட்டாயம் இல்லைன்னுட்டாங்க."

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். எக்ஸ் என்பது இன்ஷூரன்ஸுக்கான வெள்ள வரைபடம். வெளியேற்றத்துக்கு வேறு வரைபடம். கடல் எழுச்சியைக் கணக்கிட்டு ஏ, பி, சி என்று பிரித்திருப்பார்கள். கவுண்டி உத்தரவு அந்த எழுத்தை வைத்துத்தான் வரும். தேடிப் பார்த்தால் இவன் வீடு பி ஸோன். நாலு நாளாக ஐம்பது மாடல் கோடுகளை அலசியவனுக்கு தன் வீட்டின் ஓர் எழுத்து தெரிந்திருக்கவில்லை. கிளம்பி ஓர்லாண்டோ போனான். புயல் தெற்கே கரையேறியதால் அவன் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓர்லாண்டோவில்தான் மழை வெள்ளம். "வீணாப் போச்சு மாமா" என்றான்.

வீண் இல்லை என்பதை நான் சொன்னால் எடுபடாது. 2024 செப்டம்பரில் ஹெலீன் சொன்னது. அதன் கண் டாம்பாவுக்கு 150 கி.மீ.க்கும் மேல் மேற்கே கடலில் கடந்து, வடக்கே பெர்ரி ஊருக்குப் பக்கத்தில் கரையேறியது. கண் போகும் பாதையான டிராக்கை மட்டும் பார்த்தவர்கள் நம்ம ஊருக்கு வரவில்லை என்று தூங்கப் போனார்கள். டாம்பா வளைகுடாவில் நூறு வருஷமாகப் பார்க்காத உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. அதோடு விடாமல், கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே, மலைப்பகுதியான வட கரோலினாவின் ஆஷ்வில் சுற்றுவட்டாரம் மழை வெள்ளத்தில் போனது. இரண்டே வாரத்தில் மில்ட்டன். அதன் கண் டாம்பாவுக்குத் தெற்கே சியஸ்டா கீயில் ஏறிய அன்று, எதிர்ப்பக்கக் கரையில் செயின்ட் லூசி கவுண்டியில் ஒரு டொர்னேடோ ஆறு பேரைக் கொன்றது.

கப்பல்காரர்களின் வழக்கம் வேறு. அவர்களும் மாடல் பார்ப்பார்கள், ஆனால் முடிவு எடுக்கிற கணக்கு 1-2-3 விதி. புயலைச் சுற்றி 34 நாட் (மணிக்கு 63 கி.மீ.) காற்று வீசும் வட்டத்தை எடுத்துக்கொண்டு, நாளைய இடத்துக்கு அதோடு 100 கடல் மைல், நாளை மறுநாளுக்கு 200, மூன்றாம் நாளுக்கு 300 கூட்ட வேண்டும். அந்த மொத்த வட்டத்துக்குள் கப்பல் நுழையக் கூடாது. மூன்றாம் நாள் 34 நாட் காற்று 150 மைல் வரை வீசும் என்றால், கணிக்கப்பட்ட இடத்திலிருந்து 450 மைல் தள்ளி நிற்க வேண்டும். அந்த நூறு, இருநூறு, முந்நூறு, அன்றைக்கு ஹரிக்கேன் மையக் கணிப்பில் இருந்த சராசரிப் பிழையிலிருந்து வந்தவை. இப்போது மூன்று நாள் கணிப்பின் சராசரிப் பிழை 100 மைலை ஒட்டி வந்துவிட்டது. அதனால் விதி ரொம்பக் கெடுபிடி, எண்ணெய்ச் செலவு, நாள் செலவு என்று கப்பலை வாடகைக்கு எடுத்தவர்கள் தரப்பிலிருந்து முணுமுணுப்பு வரும். வரட்டும். சராசரி என்றால் அதைவிட மோசமாகத் தவறிய புயல்களும் உள்ளே இருக்கின்றன.

2015-இல் வோக்கின் அப்படித் தவறிய ஒன்று. கணித்ததைவிடத் தென்மேற்கே பஹாமாஸுக்குள் இறங்கிக்கொண்டே போனது. ஜாக்சன்வில்லிலிருந்து சான் ஹுவானுக்குப் போன எல் ஃபாரோ கப்பல், அக்டோபர் 1-ஆம் தேதி 33 பேரோடு மூழ்கியது. கப்பலில் நம்பிப் பார்த்த புயல் விவரம் பல மணி நேரம் பழையது என்பது விசாரணையில் வந்தது. எங்கள் வேலையில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம் எந்தப் படத்தைத் திறந்தாலும் அதில் போட்டிருக்கும் நேரத்தை முதலில் வாசிக்கச் சொல்வேன். வீட்டில் இருப்பவர்களுக்கும் அதுதான்: வாட்ஸ்அப்பில் வருகிற கூம்பு நேற்றையதாக இருக்கும். புது அறிவிப்பு ஃப்ளோரிடா நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்கு வரும்.

டிராக் சண்டையில் மறந்துபோகிற இன்னொன்று, புயல் வலுக்கிற வேகம். 2023 அக்டோபரில் ஓட்டிஸ் ஒரே நாளில் சாதாரணப் புயலிலிருந்து உச்சமான ஐந்தாம் வகையாக வளர்ந்து, மெக்சிகோவின் அகபுல்கோவை அடித்தது. அவ்வளவு வளரும் என்று முக்கியமான மாடல்கள் காட்டவே இல்லை.

ஆர்வலர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒவ்வொரு அறிவிப்போடும் ஹரிக்கேன் மையம் 'டிஸ்கஷன்' என்று ஒரு விளக்கக் குறிப்பு எழுதுகிறது. அதை எழுதுகிற வல்லுநர் தன் பெயரைக் கீழே போடுவார். மாடல்கள் எங்கே பிரிகின்றன, கணிப்பில் தனக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது, எது சரிப்படவில்லை என்பதெல்லாம் அதில் பச்சையாக இருக்கும். அதை வாசித்துவிட்டு விவாதியுங்கள். படம் பகிரும்போது நடுக்கோட்டோடு நிறுத்தாமல், அதே தளத்தில் இருக்கும் கடல் எழுச்சி வரைபடத்தையும் சேர்த்துப் பகிருங்கள். அதைப் பார்த்துத்தான் யாராவது காரை எடுப்பார்கள்.

கரையைக் கடந்த பிறகு நீங்கள் அடுத்த மேகக்கூட்டத்துக்குப் போய்விடுவீர்கள். ஐயனில் அமெரிக்காவில் இறந்த 156 பேரில் நேரடியாகப் புயலால் இறந்தவர்கள் 66. மீதிப் பேரில் பெரும்பாலோர் பிறகு செத்தவர்கள்: சிகிச்சை கிடைக்காமல், மாரடைப்பில், விபத்தில். கரண்ட் போன வீடுகளில் ஜெனரேட்டர் புகையால் ஒவ்வொரு ஹரிக்கேனுக்குப் பிறகும் உயிர் போகிறது. கராஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே ஓட்டினாலும் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் ஏறும். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, ஜன்னல் இல்லாத பக்கம் இருக்கட்டும். ஆக்சிஜன் மெஷினில், டயாலிசிஸில் இருக்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், கவுண்டியின் சிறப்புத் தேவைப் பதிவேட்டில் ஜூனுக்கு முன்பே பெயர் கொடுத்துவிடுங்கள். புயல் கிளம்பிய பிறகு கொடுத்தால் இடம் கிடைப்பது கஷ்டம்.